ஆலய வளாகத்துப் பூனைகளும் ஒரு கைப்பிடிச்சுவரும்



இந்த வாரத் தியானத்தை ஒரு வழக்கிலிருந்து தொடங்குகிறேன். நம் ஆலய வளாகத்தில், கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கும் அசனக் கொட்டகைக்கும் இடையே பதினான்கு பூனைகள் வாழ்கின்றன. அவற்றை என்ன செய்வது என்னும் கேள்வி, அடுத்த வாரம் கூடவிருக்கும் சேகரக் கமிட்டியின் முன் வருகிறது. கோணிப்பையில் போட்டு ஆற்றுக்கு அப்பால் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்பதே இப்போது முன்வைக்கப்பட்டிருக்கும் யோசனை. கமிட்டி ஒரு தீர்மானத்துக்கு வருமுன், உங்கள் ஆயர் என்ற முறையில் என் மனத்தைத் திறந்து சொல்ல விரும்புகிறேன். நான் அந்த யோசனைக்கு உடன்படவில்லை. ஆனால் இப்போது நடப்பது அப்படியே தொடரட்டும் என்பதற்கும் உடன்படவில்லை. ஏன் என்பதைப் பொறுமையோடு வாசியுங்கள்.

சென்ற மாதம் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து நாமெல்லாரும் கலைந்துகொண்டிருந்த வேளை. நம் சபையின் மூத்த சகோதரி ஒருவர், வழக்கம்போல ஒரு தூக்குச்சட்டியில் மீன் தலைகளைப் பிசைந்த சோற்றுடன் கொட்டகைப் பக்கம் போனார். நம்மில் ஒருவர், பலரும் கேட்கும்படி, "இது ஆலயமா, பூனைக் கொட்டகையா?" என்று கேட்டுவிட்டார். சுற்றி நின்றவர்களில் சிலர் சிரித்தார்கள். அவர் மறுமொழி சொல்லாமல் போனார். அடுத்த இரண்டு ஞாயிறுகளும் அவர் அமரும் இடம் வெறுமையாயிருந்தது.

மூன்றாம் வாரம் அவர் வீட்டுக்குப் போனேன். கோபமாயிருப்பார் என்று எண்ணினேன், கோபம் இல்லை. "ஐயா, நான் உள்ளே வந்தா அதுங்களும் பின்னாடியே வாசல் வரைக்கும் வருது. ஆராதனைக்கு இடைஞ்சல் வேண்டாம்னுதான் வரலை" என்றார். கணவரைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம்பண்ணிய நாள்முதல், மாலைதோறும் அங்கே போய் உட்காருவது அவருடைய வழக்கம். அந்நாள்களில் அவரருகே வந்து உட்கார்ந்தவை அந்தப் பூனைகளே என்றும் சொன்னார். அந்த மாலைகளில் நான் எங்கே இருந்தேன் என்று என்னையே கேட்டுக்கொண்டு திரும்பினேன்.

திரும்பும் வழியில், ஆலயத்தை ஒட்டிய வீட்டாரையும் பார்த்தேன். அவர்களும் நம் சபையாரே. அவர்கள் பக்கத்து நியாயத்தையும் நீங்கள் கேட்க வேண்டும். மாடியில் காயவைத்த வடகத்தைப் பூனைகள் மிதித்துப் பாழாக்குகின்றன. கடுவன்கள் சுவரோரம் தெளிக்கும் சிறுநீரின் நாற்றத்தால் பின்வாசலைத் திறக்க முடிவதில்லை. இரவில் அவை கத்திச் சண்டையிடுவதால் கைக்குழந்தை விழித்து அழுகிறது. சென்ற கோடையில் ஒரு குட்டி அவர்களுடைய தரைமட்டத் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து செத்துக் கிடந்தது. அதை அறியாமல் அந்தத் தண்ணீரையே குடும்பம் முழுவதும் ஒருநாள் புழங்கியிருக்கிறது. "நாங்க கொடுமைக்காரங்க இல்லை, ஐயா" என்று அந்த வீட்டம்மா சொன்னபோது அவர் கண்கள் கலங்கியிருந்தன. அவர் சொன்னது உண்மை. அவர்கள் கொடுமைக்காரர்கள் அல்லர்.

இரு வீட்டிலும் நியாயம் இருக்கிறது. இப்படிப்பட்ட வழக்கில் ஒரு பக்கத்தாரைக் கடிந்து மறுபக்கத்தாரைத் தேற்றிவிட்டுப் போவது ஆயருக்கு எளிது. அதற்குமுன் நான் உங்களிடம் அறிக்கையிட வேண்டியது ஒன்று உண்டு.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், வேறொரு சேகரத்தில் பணியாற்றினேன். ஆயத்த அறையில் அங்கிகளை வைக்கும் அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு பூனை ஐந்து குட்டிகளை ஈன்றிருந்தது. அறுப்பின் பண்டிகைக்கு மூன்று நாள்களே இருந்தன. ஆலயப் பணியாளரைக் கூப்பிட்டு, அவற்றை அப்புறப்படுத்தச் சொன்னேன். அவர் ஒரு கோணிப்பையைக் கொண்டுவந்தார். குட்டிகளுக்கு இன்னும் கண் திறந்திருக்கவில்லை. சந்தையோரம் விட்டுவிட்டதாகப் பிறகு சொன்னார்; நான் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. தாய்ப்பூனை மூன்று இரவுகள் அந்த அறையைச் சுற்றிச்சுற்றி வந்து கத்தியது. குருமனையின் சன்னலைச் சாத்திக்கொண்டு, சிருஷ்டிகரின் கொடைகளுக்காக நன்றி செலுத்துவதைக் குறித்துப் பிரசங்கம் எழுதினேன். அது பாவம் என்று அன்று எனக்குத் தோன்றவேயில்லை. இடத்தைச் சுத்தப்படுத்தியதாகவே தோன்றியது.

ஆகையால், கோணிப்பை யோசனையைச் சொன்ன சகோதரரை நான் குறைகூறவில்லை. அவர் சொல்லத்தான் செய்தார், நான் செய்தேவிட்டேன்.

வேதத்தில் பூனை உண்டா என்று ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகள் அவ்வப்போது கேட்பதுண்டு. நாம் வாசிக்கும் அறுபத்தாறு புத்தகங்களில் வீட்டுப்பூனை இல்லை. கத்தோலிக்கச் சகோதரரின் விவிலியத்தில் பாரூக்கு நூலின் இறுதி அதிகாரமாக அமைந்துள்ள எரேமியாவின் மடலில், விக்கிரகங்களின்மேல் வந்து உட்காரும் உயிர்களோடு பூனையும் ஒருமுறை சொல்லப்படுகிறது. அவ்வளவுதான். ஆனால் பூனை என்ற சொல் இல்லாவிட்டாலும், நம் வழக்குக்கான தீர்ப்பு வேதத்தில் இருக்கிறது.

உபாகமம் 22ஆம் அதிகாரத்தைத் திறந்துகொள்ளுங்கள். 6, 7 வசனங்கள் ஒரு பறவைக் கூட்டைப் பற்றியவை. வழியில் ஒரு கூட்டைக் கண்டால், குஞ்சுகளின்மேல் தாய் அடைகாத்திருக்கும்போது தாயையும் குஞ்சுகளையும் சேர்த்துப் பிடிக்கலாகாது என்பது கட்டளை. நன்மையும் நீடித்த வாழ்வும் இதற்கு வாக்களிக்கப்படுகின்றன. தகப்பனையும் தாயையும் கனம்பண்ணும் கட்டளைக்குச் சேர்த்திருக்கும் அதே வாக்குத்தத்தம், ஒரு கூட்டைக் கலைக்காதிருப்பதற்கும் சேர்க்கப்பட்டிருக்கிறது. இறையியல் கல்லூரியில் படித்த நாள்களில் இதை யூத ரபீமார் வியந்து விவாதித்ததைப் பாடமாகக் கேட்டேன். அங்கியலமாரியைத் திறந்த நாளிலோ அது என் நினைவுக்கு வரவில்லை.

இனி அடுத்த வசனத்தைப் பாருங்கள். 8ஆம் வசனம் வீடு கட்டுவதைப் பற்றியது. புது வீடு கட்டுகிறவன் மொட்டைமாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் எழுப்ப வேண்டும்; ஒருவன் அங்கிருந்து விழுந்தால் இரத்தப்பழி அவ்வீட்டின்மேல் வரும் என்று மோசே எச்சரிக்கிறார். கூட்டின் கட்டளைக்கும் கைப்பிடிச்சுவரின் கட்டளைக்கும் இடையே ஒரு வரிகூட இல்லை. முன்னது நம் கைக்கு அகப்பட்ட வாயில்லாப் பிராணியைக் காக்கிறது. பின்னது நாம் செய்யும் காரியத்தால் அயலானுக்குத் தீங்கு வராமல் காக்கிறது. இரண்டும் ஒரே பக்கத்தில் ஒரே மூச்சில் சொல்லப்பட்டவை.

பிரியமானவர்களே, இந்த வாரம் நான் சொல்ல வந்தது இதுவே. நம்மில் சிலர் கூட்டின் கட்டளையைக் கைக்கொள்கிறோம், கைப்பிடிச்சுவரை மறந்துவிடுகிறோம். வேறு சிலர் கைப்பிடிச்சுவரைக் கேட்கிறோம், கூட்டை மறந்துவிடுகிறோம். இரக்கம் என்று நாம் சொல்லிக்கொள்வது, அயலானுக்கும் கணக்கு ஒப்புவிக்கும் இரக்கமாயிருக்க வேண்டும். ஒழுங்கு என்று நாம் சொல்லிக்கொள்வது, கண் திறவாத குட்டியையும் பார்க்கும் ஒழுங்காயிருக்க வேண்டும்.

சபையின் வரலாற்றிலும் இவ்விரு முகங்களையும் காண்கிறோம். இங்கிலாந்தின் எக்ஸெட்டர் பேராலயத்தின் பழைய கணக்கேடுகளில், 1305 முதல் 1467 வரை, ஆலயப் பூனைக்கென்று வாரம் ஒரு பென்னி எழுதப்பட்டிருக்கிறது. எலிகளை அடக்கும் வேலைக்கு அது கூலி. அப்பேராலயத்தின் ஒரு கதவில் பூனை நுழைவதற்காக வெட்டிய வட்டத் துளையை இன்றும் காணலாம். சைப்ரஸ் தீவின் அக்ரோத்திரியில், பூனைகளின் புனித நிக்கோலா மடம் என்றே பெயர்பெற்ற ஒரு மடம் உண்டு. பாம்புகள் மிகுந்திருந்த அவ்விடத்துக்கு, நான்காம் நூற்றாண்டில் ஹெலனா அரசி பூனைகளை அனுப்புவித்தார் என்பது மரபுக்கதை. கன்னியர் இன்றும் அங்கே பூனைகளைப் பராமரிக்கிறார்கள்.

மறுமுகத்தையும் மறைக்கலாகாது. 1233இல் போப்பரசர் ஒன்பதாம் கிரகோரி எழுதிய நிருபம் ஒன்று, சாத்தானை வணங்குவோரின் இரகசியச் சடங்கில் கரும்பூனைக்கு ஓர் இடம் இருப்பதாக விவரித்தது. பெல்ஜியத்தின் ஈப்பர் நகரில், மணிக்கோபுரத்தின் உச்சியிலிருந்து உயிருள்ள பூனைகளை வீசி எறியும் திருவிழா வழக்கம் 1817 வரை இருந்தது. கிறிஸ்தவ நகரத்தில், கிறிஸ்தவ மக்கள் கூடிநின்று பார்த்த காட்சி அது. அவர்களைப் பழித்துவிட்டு நாம் எளிதாகக் கடந்துவிட வேண்டாம். சகுனம் பார்ப்பதை விட்டுவிட்டோம் என்று சாட்சி சொல்லும் நம்மில் எத்தனைபேர், பூனை குறுக்கே போனால் வண்டியை ஒரு நொடி நிறுத்திவிட்டுப் போகிறோம்? அந்தப் பயத்தை ஆண்டவரிடம் ஒப்புக்கொடுத்துவிடுங்கள். பூனை தன் வேலையாகப் போகிறது.

இப்போது கோணிப்பைக்கு வருகிறேன். அதற்கு நான் உடன்படாததன் காரணம் மனவுருக்கம் மட்டும் அன்று. அது பயன்படாத வழி. பூனை தன் எல்லையோடு பிணைந்த பிராணி. அறியாத இடத்தில் விடப்பட்டால், உணவும் மறைவிடமும் எங்கே என்று அதற்குத் தெரியாது. அங்கே முன்பே வாழும் பூனைகள் துரத்தும், நாய்கள் கடிக்கும். திரும்பிவர முயன்று சாலையில் நசுங்குபவை பல. இங்கேயோ அசனக் கொட்டகையின் எச்சில் அப்படியே இருக்கிறது, எலி அப்படியே இருக்கிறது, மீன்சந்தை இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. காலியான இடத்துக்கு வேறு பூனைகள் வரும். சில மாதங்களில் இதே வழக்கு மறுபடியும் கமிட்டிக்கு வரும். சட்டமும் நமக்கு எதிராக நிற்கிறது. பட்டினியாலோ தாகத்தாலோ வேதனைப்பட ஏதுவான நிலையில் ஒரு பிராணியைத் தகுந்த காரணமின்றிக் கைவிடுவதைக் குற்றம் என்கிறது 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம். உயிர்களிடம் இரக்கம் காட்டுவது குடிமக்களின் அடிப்படைக் கடமை என்று நம் அரசமைப்புச் சட்டத்தின் 51அ பிரிவு சொல்கிறது.

அப்படியானால், சோறு போடுவது மட்டும் போதுமா? பூனைகளை நேசிக்கும் சகோதர சகோதரிகளே, இப்போது உங்களோடு பேசுகிறேன். மனம் நோகாமல் கேளுங்கள்.

நம் வளாகத்துப் பதினான்கில் ஆறு பெட்டைகள். பூனையின் கர்ப்பகாலம் ஏறத்தாழ ஒன்பது வாரங்களே. நான்கைந்து மாத வயதிலேயே ஒரு பெட்டை கருவுறக்கூடும். குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் கருவுறவும் கூடும். ஈற்றுக்கு நான்கு குட்டிகள், ஆண்டுக்கு இரண்டு ஈற்று என்று குறைவாகவே வைத்துக்கொண்டாலும், ஆறு பெட்டைகளுக்கு ஆண்டுக்கு நாற்பத்தெட்டு குட்டிகள். ஆனால் சென்ற ஆண்டும் ஏறத்தாழ பதினான்கு பூனைகளே இருந்தன, இந்த ஆண்டும் பதினான்கே இருக்கின்றன. மற்றவை எங்கே போயின?

விடை நமக்குத் தெரியும். கண்ணில் சீழ் கட்டி, வயிற்றுப்போக்கில் வற்றி, சக்கரத்தில் அரைபட்டு, நாயின் வாயில், காக்கையின் அலகில், பக்கத்து வீட்டுத் தொட்டியில். தெருவில் பிறக்கும் குட்டிகளில் பெரும்பாலானவை ஆறு மாதத்தைக் காண்பதில்லை. ஒவ்வொரு மாலையும் நாம் வைக்கும் சோற்றால் தாய் பிழைக்கிறது. பிழைத்து, மறுபடியும் சாகப்போகும் குட்டிகளை ஈனுகிறது. ஆதலால், உணவோடு நின்றுவிடும் இரக்கம் பாதி இரக்கம். மறுபாதி கருத்தடை.

பிடித்து, கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே திரும்ப விடுவது இன்று உலகின் பல நாடுகளில் கைக்கொள்ளப்படும் முறை. இத்தாலியில் 1991ஆம் ஆண்டின் 281ஆம் சட்டம், தெருவில் சுயமாய் வாழும் பூனைகளைத் துன்புறுத்துவதைத் தடைசெய்து, அவற்றுக்குக் கருத்தடை செய்து தம் கூட்டத்திலேயே திரும்ப விடச் சொல்கிறது. ரோமாபுரியின் நடுவில், ஜூலியஸ் சீசர் கொலையுண்ட இடத்தை உள்ளடக்கிய தோர்ரே அர்ஜெந்தீனா இடிபாடுகளில், தன்னார்வலர்கள் பராமரிக்கும் பூனைக் கூட்டம் ஒன்று இப்படித்தான் வாழ்கிறது.

இம்முறையால் இரு வீட்டாருக்கும் நன்மை உண்டு. கருத்தடை செய்த கடுவன் சிறுநீர் தெளிப்பதும், அலைவதும், இரவில் சண்டையிடுவதும் பெரிதும் குறையும். பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்கும். பெட்டை ஓயாத ஈற்றால் நலியாமல் உடல் தேறும். தன் எல்லையில் நிலைத்திருக்கும் பூனைகள், புதியவை உள்ளே வருவதையும் ஓரளவு தடுக்கும். ஆனால் ஒன்றிரண்டுக்குச் செய்துவிட்டு நிறுத்தினால் பயனில்லை. கூட்டத்தில் பெரும்பாலானவற்றுக்குச் செய்தாக வேண்டும். பிறகு புதிதாக வந்து சேருபவற்றையும் விடாமல் கவனிக்க வேண்டும். மயக்கத்தில் இருக்கும்போதே இடக்காதின் நுனியைச் சிறிதளவு வெட்டிவிடுவார்கள். எது முடிந்தது, எது முடியவில்லை என்று தூரத்திலிருந்தே அறிவதற்கான அடையாளம் அது. யாரோ பூனையின் காதை அறுத்துவிட்டார்கள் என்று பிள்ளைகள் பதறினால் விளக்கிச் சொல்லுங்கள்.

சோறு போடும் முறையிலும் கைப்பிடிச்சுவர் வேண்டும். நினைத்த இடத்தில், நினைத்த நேரத்தில் இலையில் கொட்டிவிட்டுப் போவது எலிகளையும் தெருநாய்களையும் அழைக்கும். ஒரே இடம், ஒரே நேரம், அரைமணி நேரத்துக்குள் மிச்சத்தை அள்ளிக் கழுவிவிடுதல் ஆகியவை அவசியம். பாலைவிடத் தண்ணீரே நல்லது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை. வெங்காயமும் பூண்டும் சேர்ந்த குழம்புச் சோறு அவற்றுக்குக் கேடு. நோய்ப்பட்டதென்று இரங்கி, நாம் காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமால் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். அது பூனையைக் கொன்றுவிடும். பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ, காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, தாமதமின்றி மருத்துவரிடம் போங்கள். வெறிநோய் பூனையாலும் பரவும்.

இரண்டு எதிர்க்கேள்விகள் என்னிடம் வந்தன. இரண்டும் மதிக்கத்தக்கவை.

முதலாவது, மனிதர் பசியோடிருக்கையில் பூனைகளுக்கா பணம் என்பது. எருதுகளுக்காகவா தேவன் கவலைப்படுகிறார் என்று பவுல் 1 கொரிந்தியர் 9ஆம் அதிகாரத்தில் கேட்பதையும் ஒருவர் எனக்குச் சுட்டிக்காட்டினார். அங்கே பவுல், போரடிக்கும் எருதின் வாயைக் கட்டலாகாது என்ற சட்டத்திலிருந்து ஊழியரின் உரிமையை நிறுவுகிறார். எருதுக்கே பங்கு உண்டானால் ஊழியருக்கு எவ்வளவு அதிகம் என்பதே அவர் வாதத்தின் போக்கு. எருதின் பங்கைப் பறிக்க அவர் சொல்லவில்லை. யோனா புத்தகத்தின் கடைசி வரிக்கு வாருங்கள். நினிவேயை ஏன் அழிக்கவில்லை என்பதற்கு ஆண்டவர் சொல்லும் காரணங்களில், லட்சத்து இருபதினாயிரம் மனிதரோடு அந்நகரின் மிருகஜீவன்களும் சேர்ந்திருக்கின்றன. மனிதரை எண்ணிய பிறகு அவர் எண்ணுவதை நிறுத்திவிடவில்லை. ஆயினும் இக்கேள்வியின் நியாயத்தை ஏற்று, நம் தரும நிதியிலிருந்து ஒரு ரூபாயையும் இதற்குத் தொடக்கூடாது என்று நானே கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாவது கேள்வியை ஓர் இளைஞர் கேட்டார். பூனைகள் சிட்டுக்குருவியையும் அணிலையும் வேட்டையாடுகின்றனவே, ஒரு குருவியும் பிதாவின் சித்தமின்றி விழுவதில்லை என்று மத்தேயு 10இல் படிக்கும் நாம் அவற்றுக்கு என்ன சொல்வது என்று கேட்டார். நல்ல கேள்வி. நன்றாக உண்ட பூனையும் வேட்டையாடும், அதை மறுப்பதற்கில்லை. பூனைகளின் எண்ணிக்கை காலப்போக்கில் குறைவதே குருவிகளுக்கும் நல்லது. கொல்லாமல் குறைக்கும் வழி கருத்தடை ஒன்றே. பறவைகளுக்கு நீர் வைக்கும் கலங்களைப் பூனை எட்டாத உயரத்தில் கட்டுவோம்.

ஆகவே, கமிட்டியின் முன் நான் வைக்கப்போவது இது. கால்நடை மருத்துவர் ஒருவரிடம் பேசிவிட்டேன். பொறிக்கூண்டு இரண்டு வாங்கி, வாரத்துக்கு இரண்டு பூனைகளாக, பெட்டைகளில் தொடங்கி, இரண்டு மாதத்துக்குள் பதினான்குக்கும் கருத்தடை முடிப்போம். வெறிநோய்த் தடுப்பூசியும் போடுவோம். பால் குடிக்கும் குட்டிகளுள்ள தாயைக் குட்டிகள் பால் மறந்த பிறகே பிடிப்போம். உபாகமம் நமக்கு அதைக் கற்றுக்கொடுத்திருக்கிறது. உணவு வைக்கும் இடம் அசனக் கொட்டகையின் பின்புறமாக, அயல்வீட்டுச் சுவருக்கு எதிர்ப்பக்கமாக இருக்கட்டும். அங்கே ஒரு மணல்மேடும் அமைப்போம். பூனைகள் மலங்கழிக்க அதை நாடும், அதைச் சுத்தம் செய்யும் முறையை நாம் பகிர்ந்துகொள்வோம். பக்கத்து வீட்டாரின் தொட்டிக்கு உறுதியான மூடியும், மாடிக்கு வலையும் நம் செலவில் போட்டுக்கொடுப்போம். மூடாத குழியைப் பற்றி யாத்திராகமம் 21 சொல்வதைக் கமிட்டியார் படித்துவிட்டு வரட்டும். முறையிட வேண்டுமானால் அந்தச் சகோதரியிடம் போகாமல் என்னிடம் வாருங்கள். குருமனைக் கதவு திறந்தே இருக்கும்.

செலவுக்குத் தனி உண்டியல் ஒன்று வைப்போம்; மனமுள்ளவர் போடட்டும், மற்றவரை ஒருவரும் குறைவாக எண்ண வேண்டாம். முதல் ஐந்து பூனைகளின் செலவு என்னுடையது. ஏன் ஐந்து என்று நீங்கள் கேட்கத் தேவையில்லை.

பூனைக்கு மணி கட்டுவது யார் என்று எலிகள் கூடிப் பேசிய கதையை நாம் எல்லாரும் அறிவோம். பேசுவதோடு கலைந்துபோகும் கூட்டமாக நாம் இருந்துவிடக் கூடாது. கூண்டு தூக்க வாலிபர் நால்வர் வேண்டும். மருத்துவரிடம் கொண்டுபோக ஆட்டோ உள்ளவர் ஒருவர் வேண்டும். அறுவைக்குப் பின் ஓரிரு இரவுகள் பூனைகளைத் தங்கவைக்க ஓர் அறை வேண்டும். அறையை நான் தருகிறேன். ஆயத்த அறையின் பக்கத்து அறைதான் அது.

இவற்றையெல்லாம்விட முந்திச் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. வரும் ஞாயிறு அந்தச் சகோதரி ஆலயத்துக்கு வருவதாக என்னிடம் வாக்களித்திருக்கிறார். அவரைப் பூனைக்காரம்மா என்று அழைக்காதீர்கள். அன்று அவரைப் பார்த்துச் சிரித்தவர்கள், சிரித்ததைத் தடுக்காதவர்கள் (நானும் அவர்களில் ஒருவன், வாசலில் கைகொடுத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன்) அவரருகே போய் உட்காருங்கள். அவரும் பக்கத்து வீட்டம்மாவும் ஒரே வரிசையில் உட்கார்ந்து நற்கருணை பெறுவதைக் காண ஆவலாயிருக்கிறேன்.

ஜெபிப்போம்: எல்லா உயிரையும் உண்டாக்கினவரே, எங்கள் கைக்கு அகப்பட்ட சிறியவற்றிடம் நாங்கள் வன்மையாய் நடந்ததை மன்னியும். எங்கள் இரக்கத்தால் அயலாருக்கு வந்த தொல்லையைக் காணாதிருந்ததையும் மன்னியும். தனிமையில் இருப்போரை எங்களுக்கு முன்னே தேற்றிய வாயில்லா ஜீவன்களுக்காக உமக்கு ஸ்தோத்திரம். கூட்டையும் காத்து, கைப்பிடிச்சுவரையும் எழுப்பும் சபையாக எங்களை ஆக்கியருளும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், ஆமென்.

கர்த்தருக்குள் உங்கள் ஊழியன்,
உங்கள் ஆயர்